மென்பொருள் மகாநாடும் கொழும்புத் தமிழ் இளைஞரும்

1897 ஆம் ஆண்டு சனவரி மாதம் 15 ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். 1893 இல் சிக்காகோ நகரிற் கூடிய சர்வமத மகாசபையிற் பேசி உலகப் புகழ் எய்தியவர், மேனாட்டிலிருந்து திரும்பியபின் கீழைத் தேசத்தில் நிகழ்த்திய முதற் பொதுச் சொற்பொழிவு மறுநாள் கொழும்பு புளோரல் மண்டபத்தில் நடைபெற்றது. ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1902 இல், விவேகானந்த சபை இந்நகரில் தோன்றிற்று. கொட்டாஞ்சேனைப் பகுதியில் விவேகானந்த மேடு என்னும் பெயர் அந்த வரவின் நினைவாக இன்றும் வழங்குகின்றது.

அயல்நாட்டு மேடையில் ஏறிப் பேசுதல், அயல்நாட்டார் இங்கு வந்து கூடும்போது அவர் முன் பேசுதல் ஆகிய இரண்டும், ஆகவே, கொழும்புக்குப் புதியன அல்ல. பேசப்படும் பொருளே மாறிவிட்டது. அன்று வேதாந்தம், இன்று மென்பொருள். வேதாந்தத்தையும் வியாபாரத்தையும் ஒரே தட்டில் வைப்பதா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக. மேடையேறுபவனுக்கு வயிறு கலங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

நிறுவன மென்பொருள் என்பது யாது? வீட்டிற் சிறுவர் விளையாடும் கணினி விளையாட்டும், கைத்தொலைபேசியிற் படம் பார்க்கும் கருவியும் இதில் அடங்கா. வங்கியொன்றின் கணக்கு, துறைமுகத்திற் பெட்டி இறக்கும் ஒழுங்கு, மருத்துவமனை நோயாளர் பதிவு, தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து நிறுவைக் கணக்கும் சம்பளக் கணக்கும் என, பெரிய நிறுவனமொன்று நாள்தோறும் இயங்குவதற்கு அடிப்படையான மென்பொருளே இது. இதிலுள்ள பெருஞ்சிக்கல் ஒன்றுண்டு. வங்கி தன் கணக்குப் பொறியை ஓர் ஆண்டில் ஒருவரிடம் வாங்கியிருக்கும். கடன் பிரிவுக்கான பொறியைப் பத்து ஆண்டு கழித்து வேறொருவரிடம் வாங்கியிருக்கும். பணம் வழங்கும் இயந்திரம் மூன்றாமவருடையது. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாது. இவற்றுக்கு நடுவில் நின்று, ஒன்று சொல்வதை மற்றொன்றுக்கு விளங்கும் வகையில் மாற்றிக் கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். பழைய காலத்துத் துறைமுகங்களில் ஐரோப்பிய வணிகனுக்கும் நாட்டு வணிகனுக்கும் நடுவே துபாசி நின்றான் அல்லவா? இரு பாஷை அறிந்தவன் என்பதே அச்சொல்லின் பொருள். அவன் இல்லையேல் கப்பலில் வந்த சரக்குக் கரைசேர்ந்தும் பயனில்லை. கணினி உலகின் இடைநிலை மென்பொருளும் அத்தகைய துபாசியே.

இந்தத் துபாசித் தொழிலில் கொழும்பு பெயர்பெற்றது என்பதைப் பலர் அறியார். சஞ்சீவ வீரவரண என்னும் இலங்கையர் அமெரிக்காவிற் பர்டியூ பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற் பணியாற்றி, கணினிகள் இணையத்தின் வழியே ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகள் சிலவற்றை வகுத்தோருள் ஒருவராக விளங்கினார். 2005 ஆம் ஆண்டில் அவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த போல் ஃபிரிமாண்டில் என்பவரும் டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். தாம் எழுதிய நிரலை அந்நிறுவனத்தார் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தனர். வருமானம் எங்கிருந்து வரும் எனின், பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களுக்கு வேண்டிய பராமரிப்பும் ஆலோசனையும் வழங்குவதிலிருந்து வரும். வீட்டுப் படத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கட்டிய வீடு ஒழுகாமற் பார்த்துக்கொள்வதற்குக் கூலி பெறும் கொத்தனாரை இதற்கு ஒப்பிடலாம். அமெரிக்காவின் ஈபே என்னும் இணைய வணிக நிறுவனம் அம்மென்பொருளைக் கொண்டு நாளொன்றுக்கு 100 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை நடத்துவதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. 2024 இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. இந்நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது.

இது தனியொரு நிகழ்ச்சியும் அன்று. 1996 இல் தொடங்கப்பட்ட மில்லேனியம் ஐ.ரி. என்னும் கொழும்பு நிறுவனத்தை 2009 இல் இலண்டன் பங்குச் சந்தை விலைகொடுத்து வாங்கிற்று. 2011 பெப்ரவரி முதல் இலண்டனிற் பங்குகள் கைமாறியது இலங்கையர் ஆக்கிய பொறியின் மீதே. ஒரு காலத்தில் தேயிலை விலையை இலண்டன் ஏலக்கூடம் தீர்மானிக்க, இங்கிருந்தோர் தந்திக்குக் காத்திருந்தனர். வரலாறு சில வேளைகளிற் குறும்பு செய்வதுண்டு.

2010 செப்டெம்பரில், டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் முதலாவது மகாநாட்டைக் கொழும்பிற் கூட்டியது. மறு ஆண்டும் அதே மாதத்தில் இங்கேயே கூட்டியது. பின்னர் 2013 இல் இலண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும், 2014 இல் மீண்டும் கொழும்பிலும் அம்மகாநாடு நடைபெற்றது. ஆண்டுகளைக் கவனித்தல் வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்தது 2009 மே மாதத்தில். ஓராண்டும் நான்கு மாதமும் கழிந்த நிலையில், விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் பாதையிற் சோதனைச் சாவடிகளின் நினைவு மறையாத வேளையில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து பொறியியலாளரை இங்கு வரச்சொல்லிக் கூப்பிடுவது சிறு துணிச்சலன்று. வாடிக்கையாளர் இருக்கும் ஊருக்கு விற்பவர் போவதே உலக வழக்கம். ஆக்குபவர் இருக்கும் ஊருக்கு வாங்குபவரை அழைத்தது வழக்கத்துக்கு மாறானது. இதனால் விளைந்த நன்மை, பயணச் செலவுக்கு வழியில்லாத உள்ளூர் இளைஞர் பலர், உலக மேடையொன்றைப் பஸ் வண்டியில் ஏறிச் சென்றே காணமுடிந்தது என்பதாகும்.

உள்ளூர் மேடைகளும் முன்பே இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. 1976 இல் அமைந்த இலங்கைக் கணினிச் சங்கம் ஆண்டுதோறும் தேசிய தகவல் தொழில்நுட்ப மகாநாட்டை நடத்திவந்திருக்கின்றது. 1984 இல் அமைக்கப்பட்ட கணினித் தொழில்நுட்பப் பேரவையைத் தலைமைதாங்கி நடத்திய பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க, கணினி என்ற சொல்லே பலருக்குப் புதிதாயிருந்த காலத்தில் மேடை மேடையாய் ஏறி அதைப்பற்றிப் பேசினார்.

இனி, வெள்ளவத்தைக்கு வரலாம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஐந்தாம் மாடியில், தாயுடனும் அம்மம்மாவுடனும் வாழும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணினிப் படிப்பு வீட்டுக்கு அருகிலேயே கிடைத்தது. இராமகிருஷ்ண வீதியில் இராமகிருஷ்ண மிஷன் இருப்பதுபோலவே, 1990 இல் தொடங்கப்பட்ட தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றும் இருக்கின்றது. நெசவாலைச் சங்கொலி கேட்டுப் பொழுதறிந்த வெள்ளவத்தையில், அந்த நூற்பு நெசவாலை நின்ற நிலத்தில் இப்போது ஹவ்லொக் சிற்றி என்னும் வானளாவிய மாடிகள் நிற்கின்றன. ஊர் மாறிய வேகம் அப்படி.

இவ்விளைஞர் மகாநாடொன்றிற் பேச விரும்புகின்றார். முதலிற் செய்யவேண்டியது, பேசப்போகும் பொருளை இருநூறு சொல்லளவிற் சுருக்கி எழுதி, தெரிவுக் குழுவுக்கு அனுப்புவது. இங்கேயே பெரும்பாலோர் தவறுகின்றனர். தம் நிறுவனத்தின் புகழ் பாடிய சுருக்கம் குப்பைத்தொட்டிக்குப் போகும். காசு கொடுத்து உதவிய நிறுவனங்களுக்கென ஒதுக்கிய நேரத்திற் புகழ் பாட இடமுண்டு. கேட்போர் அந்நேரத்திலே தேநீர் அருந்தச் செல்வர். அவையோர் ஆவலோடு கேட்பது ஒன்றையே: "இன்ன காரியத்தைச் செய்ய முயன்றோம்; இன்ன இடத்தில் வழுக்கி விழுந்தோம்; இவ்வாறு எழுந்தோம்." தோல்வியை மறைக்காது சொல்லும் பேச்சுக்கே அத்தகைய மேடைகளில் மதிப்பு அதிகம். தோற்றவன் கதையிலேதான் தமக்கு வேண்டிய பாடம் இருக்கும் என்பதைத் தொழில் தெரிந்தவர் நன்கறிவர்.

எதைப்பற்றிப் பேசுவது? அவர் நெடுநாள் யோசித்துத் தெரிந்தெடுத்த பொருள், பெயர். ஆம், மனிதருடைய பெயர்தான்.

இதைச் சிறிது விரித்துச் சொல்லுதல் அவசியம். மேல்நாட்டார் ஆக்கிய மென்பொருள்களில், ஆளைப் பதிவு செய்யும் படிவத்தில் முற்பெயர் என்றும் குடும்பப்பெயர் என்றும் இரு கட்டங்கள் இருக்கும். குடும்பப்பெயர்க் கட்டத்தின் அருகில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். நிரப்பாமல் அப்பாற் செல்ல இயலாது. தமிழனுக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரை முன்னால் வைத்துத் தன் பெயரைப் பின்னால் வைப்பது அவன் வழக்கம். தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியும் நிற்கும். பெண் மணம் முடித்ததும் அம்முதலெழுத்து மாறினாலும் மாறும், மாறாமலும் இருக்கும். சிங்கள மக்களின் 'கே' எனும் பரம்பரைப்பெயரோ முன்னால் வருவது. மேல்நாட்டு முறைக்கு நேர்மாறு. ஆதலின், இரண்டு கட்டங்களுக்குள் இந்நாட்டு மக்களை அடைக்க முற்படும்போது, வங்கியில் மகன் தந்தையாகின்றான். விமானச் சீட்டில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயருமாக நின்று மனிதர் அல்லற்படுகின்றனர். ஆங்கில எழுத்திற் பெயரை எழுதுவதிலும் ஒழுங்கில்லை. 'திரு' என்று தொடங்கும் பெயரை ஒருவர் எச் எழுத்தைச் சேர்த்து எழுதுவார். அவருடைய உடன்பிறந்த தமையனார் சேர்க்காது எழுதுவார். மனிதக் கண்ணுக்கு அவர்கள் சகோதரர். பொறிக்கு அவர்கள் அந்நியர்.

சிறு விஷயம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்து இத்தீவில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கிழக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் அகதி முகாம்கள் நிறைந்தன. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர் இருக்கின்றார், எங்கே என்ன பொருள் தேவை என்ற மூன்று வினாக்களுக்கும் விடை எவரிடத்தும் ஒருங்கே இல்லை. அப்பொழுது, 2003 இல் அமைந்த லங்கா மென்பொருள் மன்றத்தைச் சேர்ந்தோரும் பல நிறுவனங்களின் தொண்டர்களும் ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சகன. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். தமிழ்ச் செவிக்கு அது உருக்கமான இராகமொன்றின் பெயர்போல ஒலிப்பது தற்செயலே. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, தொண்டு நிறுவனப் பதிவேடு, தேவைப் பட்டியல் என்பன அதன் உறுப்புகள். 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்கு வழங்கியது. காணாமற்போனோர் பதிவேட்டிற் பெயரின் எழுத்து ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. தாய் ஒரு முகாமிலும் பிள்ளை மறு முகாமிலும் இருக்க, பொறி 'இல்லை' என்று சொல்லிவிடும்.

வெள்ளவத்தை இளைஞர் தெரிந்தெடுத்த பொருளின் கனம் இது. நியூயோர்க்கில் இருந்து படிவம் வரைபவருக்கு இச்சிக்கல் தோன்றவே தோன்றாது. இங்கே பிறந்தவருக்கோ பள்ளிக்கூட இடாப்பிலேயே தோன்றிவிடும்.

பேச்சு ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்து, பட்டப்படிப்பில் திடீரென ஆங்கிலத்துக்கு மாறியவருக்கு இங்கேதான் கால் நடுங்கும். எழுதி மனனம் செய்துவிட்டு ஒப்பிக்க முனைவோர் பலர். ஒரு சொல் மறந்தால் முழுப் பேச்சும் கவிழும். இதைவிட நல்ல வழி, முதலில் தமிழிற் பேசிப் பார்ப்பது. ஒரு பொருளைத் தாய்மொழியில் வீட்டாருக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாதவர், அப்பொருளைத் தாமே விளங்கிக்கொண்டாரா என்பது ஐயத்துக்குரியது. கலைச்சொல் இல்லையே என்று சாக்குச் சொல்லுதலும் பொருந்தாது. 1936 இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர். அங்கு தொடங்கிய முயற்சி 1938 இற் கலைச்சொற்கள் என்னும் நூலாக வெளிவந்தது. பின்னர் இந்நாட்டு அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழைக் கணினியிற் கையாளுதற்கான இலங்கைத் தரநிர்ணயம் 2008 இல் வெளியாயிற்று. சொல் இருக்கின்றது, எடுத்தாளும் துணிவே வேண்டும்.

ஆகவே நமது இளைஞர் ஞாயிறு பின்னேரமொன்றில் அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, முப்பது நிமிடப் பேச்சைத் தமிழில் நிகழ்த்துகின்றார். நடுவிற் கரையோரப் புகையிரதம் இரண்டு தரம் கடந்து செல்ல, இரண்டு தரமும் நிறுத்தித் தொடர்கின்றார். துபாசி உவமை கிழவிக்கு நன்றாகவே பிடிபடுகின்றது. நட்சத்திரக் குறியிட்ட கட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்பது ஒன்றே: "அப்ப, எங்கடை பேருக்கு அதிலை இடமில்லையோ, ராசா?" மறுவாரம் ஆங்கிலப் பேச்சின் தொடக்கத்தில் இளைஞர் வைத்த முதல் வாக்கியம் அக்கேள்வியே.

மகாநாட்டு நாளில் நேருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேடையில் ஒளி கண்ணைக் கூசச்செய்யும். முன் வரிசை தவிர எதுவும் தெரியாது. கடிகாரம் இரக்கமற்றது, முப்பது நிமிடம் என்றால் முப்பதுதான். நேரே இயக்கிக் காட்டுவதாகச் சொன்ன நிரல், வீட்டில் நூறு தரம் ஓடியது, மேடையில் நின்றுவிடும். அறிவாளி அதற்கென முன்கூட்டியே படங்களை எடுத்து வைத்திருப்பார். பேச்சு முடிந்தபின் வினாக்கள் எழும். விடை தெரியாத வினாவுக்கு 'தெரியாது, பார்த்துச் சொல்கின்றேன்' என்பதே விடை. அப்படிச் சொல்லிப் பின்னர் உண்மையிலேயே பார்த்துக் கடிதம் எழுதியவரை எவரும் மறப்பதில்லை.

மகாநாட்டுக்குச் செல்வோர் எல்லோரும் பேசுவோர் அல்லர். கேட்பதும் ஒரு கலை. அவையின் பின்வரிசையில், கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணொருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தெமட்டகொடையிலுள்ள மென்பொருள் அலுவலகமொன்றிற் பணி. மேலதிகாரி நுழைவுக் கட்டணத்தைச் செலுத்தி, 'கேட்டு வந்து அறிக்கை தாரும்' என்று அனுப்பியிருக்கின்றார். ஒரே நேரத்தில் மூன்று மண்டபங்களில் மூன்று பேச்சு. எல்லாவற்றையும் கேட்க ஆசைப்பட்டு ஓடியோடித் திரிபவர் எதையும் கேளார். அப்பெண் காலையிலேயே நிகழ்ச்சிநிரலைப் பார்த்து, நான்கு பேச்சுக்களுக்கு மாத்திரம் கோடிட்டுக்கொண்டார். பேசுவோர் சொன்னதை எல்லாம் எழுதவில்லை. தம் அலுவலகத்துக்குப் பொருந்துவதை மாத்திரம் எழுதினார். தேநீர் இடைவேளையில், கூச்சத்தால் தெரிந்தவரோடு மாத்திரம் கூடிநின்று கதைக்கும் நம்மவர் வழக்கத்தை விட்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் சென்று பேசினார். மகாநாட்டின் உண்மையான அலுவல் பெரும்பாலும் தேநீர்க் கோப்பைக்கு அருகிலேயே நடைபெறுவது.

பெயரைப்பற்றிய பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து ஒரு வினா விடுத்தார்: குடும்பப்பெயர்க் கட்டத்தை நீக்கினால், அதை நம்பியிருக்கும் பழைய பொறிகள் முறிந்துவிடாவா? நல்ல வினா. பேச்சாளர் சிறிது நேரம் யோசித்தார். முழுப்பெயரை உள்ளவாறே ஒரே கட்டத்தில் வாங்கிக்கொண்டு, பழைய பொறி கேட்கும்போது மாத்திரம் நடுவில் நிற்கும் துபாசி அதனைப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார். எப்படிப் பிரிப்பது என்பதைப் பெயருக்கு உரியவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது முழு விடையன்று. இருவரும் தேநீர் மேசையில் மேலும் அரைமணி நேரம் அதைப்பற்றித் தர்க்கித்தனர்.

மறுநாட்காலை தெமட்டகொடை அலுவலகத்தில் அப்பெண் தம் அறிக்கையை மேலதிகாரியிடம் கொடுத்தார். இரண்டு பக்கம். அதன்மேல் அவர்களுடைய படிவத்தின் படமொன்றை இணைத்திருந்தார். குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்கு அருகிலிருந்த நட்சத்திரக் குறியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்.